திரைக்கு இந்தப் பக்கம்
தொலைமருத்துவத்தின் வரலாறு: பகுதி 9

தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கருவிகளின் வரிசையாகவே எழுதிவிடுகிறார்கள். தொலைபேசி, வானொலி, நுண்ணலை, செயற்கைக்கோள், இணையம், கைபேசி என்று படிக்கட்டுபோல அடுக்கிக்கொண்டே போனால் கதை முடிந்துவிடும். இத்தொடரின் முதல் சில பகுதிகளும் ஓரளவு அந்த வழியில்தான் நடந்தன. 1905இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத்துடிப்பை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பி வழியே பதிவுசெய்தார். 1928இல் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியில் ஜான் ஃப்ளின் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலியை அதற்குச் செய்துகொடுத்தார். இரண்டையும் மறுபடி படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. லெய்டனில் நோயாளியின் கைகளையும் காலையும் உப்புநீர்ச் சாடிகளில் முக்கி, அவர் அசையாமல் பார்த்துக்கொள்ள யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியப் பண்ணைவீடுகளில் மருந்துப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்வார். பெட்டியைத் திறந்து அந்த எண்ணைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் அந்த வீட்டுப் பெண்மணி. அவர் இல்லையென்றால் மருத்துவரின் குரல் காற்றோடு போயிருக்கும். நோயாளியின் பக்கத்தில் இருக்கும் அந்த ஆளைப் பற்றியதுதான் இந்தப் பகுதி. அவரைப் பழக்கி, நம்பி, ஊதியம் கொடுத்து நிலைநிறுத்திய இடங்களில் தொலைமருத்துவம் நிலைத்தது. அவரை மறந்துவிட்டுக் கருவியை மட்டும் வாங்கிய இடங்களில் பணம் தீர்ந்ததும் அது நின்றுபோனது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளை இங்கே வைக்கிறேன்.

முதல் சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் 1963 முதல் ஒரு சிறு மருத்துவ நிலையம் இயங்கிவந்தது. அதற்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் இடையே தூரம் 4 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனாலும் நெரிசல் நேரத்தில் மருத்துவர் வந்து சேர்வது பெரும்பாடு. 1968இல் கென்னத் பேர்ட் என்ற மருத்துவர் இரண்டு இடங்களையும் நுண்ணலைத் தொலைக்காட்சியால் இணைத்தார். 1000 நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை 1974இல் அவரும் ஒரு சகாவும் வெளியிட்டார்கள். இதை வழக்கமாகத் தொலைக்காட்சியின் வெற்றியாகச் சொல்வார்கள். அந்த நிலையத்தில் இரவும் பகலும் இருந்தவர்களோ செவிலியர்கள். கேமராவை நோயாளியின் தோல்மீது திருப்பியதும், இதய ஒலிமானியை மார்பில் சரியான இடத்தில் வைத்ததும், எதைக் காட்ட வேண்டும், எது காட்டத் தேவையில்லாத சாதாரணத் தலைவலி என்று பிரித்ததும் அவர்களே. 1970களில் நாசா, அரிசோனாவின் பாபகோ பழங்குடிப் பகுதியில் நடத்திய சோதனையிலும் இதே அமைப்பு: ஊர் ஊராகப் போன வண்டியில் மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர், நுண்ணலையின் மறுமுனையில் மருத்துவர். தொழில்நுட்பம் இரண்டிலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மத்திய அரசின் மானியம் நின்றதும் இவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1986க்கு முன் வட அமெரிக்காவில் தொடங்கிய தொலைமருத்துவத் திட்டங்களில் பிழைத்தது ஒன்றே ஒன்று என்று இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். அது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில், மாக்ஸ் ஹவுஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நடத்தியது.

அந்த ஒன்று ஏன் பிழைத்தது? ஹவுஸும் 1977இல் செயற்கைக்கோளில்தான் தொடங்கினார்; ஹெர்மிஸ் என்ற கனடியக் கோளில் கிடைத்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். சோதனை முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வேலைக்குப் படம் உண்மையிலேயே தேவையா? பெரும்பாலான வேலைக்குக் குரலும் சில அளவுப் பதிவுகளும் போதும் என்று கண்டு, சாதாரணத் தொலைபேசிக் கம்பிக்கு இறங்கிவந்தார். கடலோரத்தில் சிதறிக் கிடந்த சிறு மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அந்தக் கம்பியில் தொடர்ந்து பாடம் நடந்தது. இதய வரைபடமும் மூளை மின்வரைபடமும் அதே கம்பியில் போய்வந்தன. மிச்சப்பட்ட பணம் கருவிக்குள் புதையாமல் மனிதர்களின் அறிவுக்குப் போனது. ஒரு தொழில்நுட்பவியலாளருக்கு இது பின்வாங்கலாகத் தெரியும். எனக்கோ இத்துறையின் முதல் முதிர்ந்த முடிவு இதுதான் என்று படுகிறது.

இந்தியாவின் தொடக்கம் செயற்கைக்கோளில் இருந்தது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவனம் அமைத்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் முறைப்படி தொடங்கிவைத்தார். 2001 முதல் இஸ்ரோ தன் கோள்களின் வழியே தொலைதூர மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளுடன் இணைக்கத் தொடங்கியது. அந்தமானின் போர்ட் பிளேர் அரசு மருத்துவமனையைச் சென்னை ராமச்சந்திரா மருத்துவமனையுடன் இணைத்தது அவற்றுள் ஒன்று. கடல் தாண்டிச் செல்ல வேண்டிய நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவை பெரும்பாலும் மருத்துவமனைக்கும் மருத்துவமனைக்கும் போட்ட பாலங்கள். நோயாளி முதலில் ஒரு மருத்துவமனைக்குள் கால்வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிடுகிறவர்களை இந்தப் பாலம் எட்டவில்லை.

அப்படி நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தது மதுரையில். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்தியே வளர்ந்தது. ஒலிபெருக்கி வைத்த வண்டி, பள்ளிக்கூட வளாகத்தில் வரிசை, பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்க் கண்புரை அறுவை, திரும்ப ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடுதல் என எல்லாமே இலவசம். இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று எவரும் கேட்டிருக்கலாம். 1990களில் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்களே இந்த முகாம்களை அளந்து பார்த்தார்கள். கண்ணில் குறை இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 1999இல் வெளியான அந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். தன் புகழுக்குக் காரணமான வேலையின் ஓட்டையைத் தானே அளந்து அச்சிடும் நிறுவனங்கள் அதிகமில்லை. வராததற்கு மக்கள் சொன்ன காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே: பயம், செலவு, கூட வர ஆளில்லை, வீட்டு வேலையை விட்டுவர முடியவில்லை. இலவச சிகிச்சைக்கும் ஒரு நாள் கூலி விலையாகிறது. துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்தால் இரண்டு நாள் கூலி. முகாம் என்பது ஆண்டில் ஒரு நாள் வந்து போவது. கண்வலியோ எந்த நாளிலும் வரும்.

இதற்கு விடையாக 2004இலிருந்து வந்தவைதான் பார்வை மையங்கள். சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சிற்றூரின் கடைத்தெருவில் இரண்டு மூன்று அறைகள். ஒரு ஸ்லிட் லேம்ப், கண்ணாடிப் பவர் பார்க்கும் பெட்டி, கண் அழுத்தம் அளக்கும் கருவி, ஒரு கணினி. மருத்துவர் கிடையாது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டு ஆண்டு பயிற்றுவித்த கண் மருத்துவ உதவியாளர்களே மையத்தை நடத்துகிறார்கள். நோயாளிகள் அவர்களை ‘சிஸ்டர்’ என்றே அழைப்பார்கள். சிஸ்டர் முதலில் பேச்சுக் கொடுத்து வரலாறு கேட்கிறார்: எப்போதிலிருந்து, எந்தக் கண்ணில், சர்க்கரை உண்டா, கடையில் வாங்கி ஏதாவது சொட்டு மருந்து விட்டீர்களா. பிறகு எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துப் பவர் பார்க்கிறார், ஸ்லிட் லேம்ப்பில் கண்ணின் முன்பகுதியை ஆராய்கிறார், அழுத்தம் அளக்கிறார், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார். அதன் பின்னரே திரையில் மருத்துவர் வருகிறார். பதிவைப் படித்துவிட்டு நோயாளியோடு இரண்டொரு நிமிடம் பேசி முடிவைச் சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கண்ணாடி. சொட்டு மருந்து என்றால் அங்கேயே மருந்து. அறுவை தேவைப்படுகிறவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்கு. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேலை உள்ளூரிலேயே முடிந்துவிடுகிறது. மருத்துவரின் அந்த இரண்டு நிமிடம் சாத்தியமாவது சிஸ்டரின் இருபது நிமிடத்தால்தான். இதைத் தொலைமருத்துவம் என்று பெயரிட்டு அழைக்கும்போது நம் கண் முழுக்கத் திரையிலேயே நிற்கிறது. வேலையின் பெரும்பங்கு திரைக்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அருகில் நடந்து முடிந்திருக்கிறது.

திரையும் எளிதாக வந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளில் தேனி மாவட்டச் சிற்றூர்களில் படம் ஓடும் அளவு வேகமான இணையம் இல்லை. செயற்கைக்கோளுக்கோ வாடகை கட்டுபடியாகாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு 2005இல் தேனி அரவிந்த் மருத்துவமனையிலிருந்து ஐந்து பார்வை மையங்களுக்கு வைஃபை இணைப்பு தந்தது. வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டாத அதே வைஃபைதான். அதை உயர்ந்த கோபுரங்களில் திசைநோக்கிய ஆண்டெனாக்கள் கட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் 15 கிலோமீட்டர் வரை எட்டவைத்தார்கள். ஓரிடத்தில் துணி ஆலையின் புகைபோக்கியே கோபுரமானது. வைஃபை அவ்வளவு தூரத்துக்கு வகுக்கப்பட்டதன்று. ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பியவுடன் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு அது மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பும். இரு முனையும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும். நீ பேசும் நேரம் இது, நான் பேசும் நேரம் இது என்று முறை வகுத்து அந்தக் குழு மென்பொருளை மாற்றி எழுதியது. ஆனால் அவர்களே பின்னர் 2008இல் எழுதிய கட்டுரையில் ஒப்புக்கொண்ட உண்மை இதைவிடப் பெரியது. இணைப்புகள் அறுந்ததற்குப் பெரும்பாலும் காரணம் ரேடியோ அல்ல, ஊர் மின்சாரம்தான். திடீர் உயரழுத்தத்தில் அடாப்டர்கள் எரிந்தன. தாழ்வழுத்தத்தில் கருவிகள் செயலற்று நின்றன. பெர்க்லியிலிருந்து எத்தனை முறை ஆள் வர முடியும்? உள்ளூர்ப் பணியாளர்களுக்கு எது பழுது, எதைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்த பிறகே அந்த வலை சோதனை என்ற நிலையைக் கடந்து அன்றாட வசதியானது. நோயாளிக்கு அருகில் ஓர் ஆள் வேண்டியிருந்ததுபோலக் கோபுரத்துக்கு அருகிலும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. இன்று அந்த வைஃபையின் இடத்தில் சாதாரண இணைய இணைப்புகள் வந்துவிட்டன. பார்வை மையங்களோ நூறைத் தாண்டிவிட்டன. மாறியது கம்பி. சிஸ்டரின் வேலை அப்படியே இருக்கிறது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு கடுமையானது, நேர்மையானதும் கூட. நகரத்தானுக்கு மருத்துவர், கிராமத்தானுக்கு இரண்டாண்டு படித்த பெண் என்பது இரண்டாந்தர மருத்துவம் அல்லவா? மருத்துவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் கடமையிலிருந்து அரசு நழுவ இது வழிசெய்யாதா? இரண்டாவது அச்சம் எனக்கும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்க, அந்தச் சுவரில் ஒரு திரையை மாட்டிக் கணக்கை நேராக்குவதை எவரும் ஏற்கக் கூடாது. முதல் கேள்விக்கு மட்டும் சான்றோடு விடை சொல்ல முடியும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவரிடம் ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இல் அவர் தொடங்கிய எக்கோ என்ற திட்டத்தில் நோயாளி திரைக்கு முன் உட்காரவே இல்லை. கிராமத்து மருத்துவர்களும் செவிலியர்களும் சிறைச்சாலை மருத்துவப் பணியாளர்களும் வாரந்தோறும் காணொளியில் கூடித் தங்கள் நோயாளிகளை எடுத்துவைத்தார்கள். வல்லுநர்கள் ஒவ்வொன்றையும் விவாதித்தார்கள். சிகிச்சை உள்ளூர்க்காரர்களின் கையிலேயே நடந்தது. 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. 407 நோயாளிகள். பல்கலைக்கழக வல்லுநர்களிடம் குணமானவர்கள் 57.5 விழுக்காடு, கிராமங்களிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காடு. இது எல்லா நோய்க்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. குறிப்பிட்ட ஒரு வேலையை ஆழமாகக் கற்றுக்கொடுத்து, முதுகுக்குப் பின்னால் வல்லுநரை நிறுத்திவைத்தால், பட்டத்தின் உயரம் குறைந்ததால் சிகிச்சையின் தரம் குறைய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல அளவீடு எனக்குத் தெரியவில்லை. மேலும், ஒப்பிட வேண்டியது நகரத்து மருத்துவரோடு மட்டுமன்று, முகாமுக்கும் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட நூற்றுக்கு 93 பேருடனும்தான்.

இரண்டாவது மறுப்பு காலத்தைச் சார்ந்தது. அன்று கணினியை இயக்க ஆள் தேவைப்பட்டது; இன்று எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது; இடையில் ஒருவர் எதற்கு என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மனநல மருத்துவம் பேச்சிலேயே பெரும்பாலும் நடப்பது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959இலேயே சிசில் விட்சன் தொலைக்காட்சி வழியே குழுச் சிகிச்சை நடத்தினார். தொடர் சிகிச்சையில் இருக்கும் சர்க்கரை நோயாளி தன் அளவுகளைச் சொல்லி மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் இடையாள் வேண்டாம். ஆனால் மனநலத்திலுங்கூட, சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு அனுப்பிய பேருந்தில் திரை மட்டும் இல்லை. மருந்தும் இருந்தது, உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். வீட்டுக்குள் வைத்து மறைக்கப்பட்ட ஒருவரைப் பேருந்துவரை நடத்திக் கொண்டுவர எந்தச் செயலியாலும் முடியாது. நாடு தழுவிய அளவில் பார்க்கலாம். 2019 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் இ-சஞ்சீவனிக்கு இரண்டு வழிகள் இருந்தன: நோயாளி தன் கைபேசியிலிருந்து நேராக மருத்துவரைப் பார்ப்பது ஒன்று, துணை சுகாதார நிலையத்துக்குப் போய் அங்குள்ள பணியாளர் மூலம் பார்ப்பது மற்றொன்று. முதல் வழி 2020 ஏப்ரலில், பொதுமுடக்கத்தின் நடுவில் திறந்தபோது, எதிர்காலம் அதுவே என்று பேசப்பட்டது. 2023 பிப்ரவரியில் மொத்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டியபோது, அதில் பெரும்பகுதி இரண்டாவது வழியில் நடந்தது. ரத்த அழுத்தம் அளக்கவும், சொன்ன மருந்தைக் கையில் கொடுக்கவும், மருத்துவர் வேற்றுமொழிச் சொல்லில் சொன்னதை ஊர்ப்பேச்சில் திரும்பச் சொல்லவும் ஒருவர் அங்கே இருப்பதால்தான் மக்கள் அந்த வழியை நாடினார்கள் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது மறுப்பு இன்றையது: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி மருத்துவரே தேவையில்லை என்னும்போது சிஸ்டர் எதற்கு? இதற்கும் அரவிந்த் வழியாகவே ஒரு கிளைக்கதை உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் கூகுள் மென்பொருள் 1,28,175 படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் சேர்ந்தவை. 2016இல் வெளியான முடிவுகள் கண் மருத்துவர்களுக்கு ஈடாக இருந்தன. அதே மென்பொருளைத் தாய்லாந்தின் 11 சிறு மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த அனுபவம் 2020இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் செலுத்திய 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறை போதிய இருட்டாக இல்லை. கண்மணி விரிய மருந்து விடவில்லை. இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நகரவில்லை. அங்கிருந்த செவிலியர்கள்தாம் விளக்கை அணைத்தும் மறுபடி படமெடுத்தும் பொறுமையிழந்த நோயாளிகளைச் சமாதானப்படுத்தியும் அதை ஓட்டினார்கள். தூரத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்லி மென்பொருள் பரிந்துரைத்துவிட்டால் இவரால் போக முடியாதே என்று எண்ணி, சிலரை அந்த ஆய்வில் சேர வேண்டாம் என்றும் அவர்கள் தடுத்தார்கள். அது தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் நோயாளியின் பேருந்துக் கட்டணம் பற்றிய அறிவு அந்த நிலையத்தில் வேறு யாரிடம் இருந்தது? மென்பொருள் மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, நல்ல படம் எடுப்பவரின் கை மேலும் முக்கியமாகும்.

இவ்வளவு சான்றுக்குப் பிறகும் இத்துறையின் கணக்கேடுகளில் அந்தக் கைக்கு உரிய இடம் இல்லை. ஆலோசனைகள் எண்ணப்படுகின்றன, இணைக்கப்பட்ட மையங்கள் எண்ணப்படுகின்றன, பதிவிறக்கங்கள் எண்ணப்படுகின்றன. லோகன் விமான நிலையத்துச் செவிலியர்களின் பெயர் நம்மில் எவருக்கும் தெரியாது. கென்னத் பேர்டின் பெயர் தெரியும். தொலைமருத்துவத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும்போது கருவிக்கும் மென்பொருளுக்கும் எவ்வளவு, நோயாளியின் அருகில் இருப்பவரின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். சட்டம் அவரைக் காணத் தொடங்கியதே அண்மையில்தான். இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று, பொதுமுடக்கத்தின் முதல் நாளில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் ‘சுகாதாரப் பணியாளர்’ என்ற ஒருவரைத் தனியாகக் குறித்து, அவர் மூலம் நடக்கும் ஆலோசனைக்கு முறை வகுத்தன. அதற்கு முன் பல ஆண்டுகள் இந்தப் பணி சட்டத்தின் தெளிவில்லாத ஓரத்தில் நடந்துவந்தது. மருத்துவர்களே திரையில் பார்ப்பது குற்றமாகிவிடுமோ என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது, ஒரே நாளில் எப்படி விலகியது என்பதை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.